பலகையின் பின்பக்கம்

கடந்த தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது அம்மா வீட்டைச் சுத்தம் செய்யத் தொடங்கினார். எங்கள் பிளாட்டுப் பக்கம் ‘சூராட் காபார் லாமா’ லோரி வரும். பழைய பேப்பர், பழைய இரும்பு, பழைய பேட்டரி என்று ஒலிபெருக்கியில் ஒரே குரல் மலாயில் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே போகும். அந்த லோரிக்குப் போட வேண்டியதையெல்லாம் அம்மா வாசலில் அடுக்கி வைத்திருந்தார். உடைந்த மின்விசிறி, ஒரு கட்டு நாளிதழ், கடைசியாகச் சுவரில் சாய்த்தபடி அப்பாவின் கேரம் பலகை.

“இத ஏம்மா போடுறீங்க?”

“பின்ன என்னய்யா செய்யிறது? அப்பா போயி நாலு வருசம் ஆச்சு. இப்ப யாரு வெளையாடுறா? எடத்த அடைச்சிக்கிட்டுக் கெடக்கு.”

அம்மா சொன்னதில் தவறில்லை. எங்கள் வீட்டில் எந்தச் சாமானும் இன்னொரு சாமானை நகர்த்திவிட்டுத்தான் உட்கார முடியும். பலகையைத் தூக்கிப் பார்த்தேன். முன்பக்கத்தில் கோடுகள் தேய்ந்திருந்தன. நடு வட்டத்தின் சிவப்பு வெளுத்திருந்தது. திருப்பினால், பின்பக்கத்தில் நீலப் பேனாவால் வரைந்த ஒரு காற்பந்துத் திடல். நடுக்கோடு, மைலோ டின் மூடியை வைத்து வரைந்த நடுவட்டம், இரண்டு பக்கமும் பெனால்டி கட்டம். ஓரத்தில் அக்காவின் கையெழுத்தில் 2006 என்று போட்டு, கீழே யார் யாருக்கு எத்தனை புள்ளி என்ற கணக்கு.

பொறியாளன் புத்தி போகாது. டேப்பை எடுத்து அளந்தேன். 74 செண்டிமீட்டருக்கு 74. உலகத்தில் எங்கேயும் இல்லாத சதுரமான காற்பந்துத் திடல்.

பல்கலைக்கழகத்தில் முதல் வாரம் ஒருவருக்கொருவர் ஊர் கேட்டுக்கொண்டிருந்தபோது நான் கம்போங் மேடான் என்று சொன்னேன். ஒருவன் உடனே, “அந்தக் கம்போங் மேடானா?” என்றான். அந்த ‘அந்த’ எது என்று இருவருக்கும் தெரியும். இணையத்தில் தேடினாலும் ஊர்ப் பெயருக்குப் பின்னால் 2001 வந்து ஒட்டிக்கொள்ளும். ஓர் ஊரில் நடந்த எல்லாவற்றிலும் இரண்டு வாரம் மட்டும் வரலாறு ஆகிவிட்டது. மற்ற நாளெல்லாம் நாங்கள் என்ன செய்துகொண்டிருந்தோம்? விளையாடிக்கொண்டிருந்தோம் என்பது என் பதில். அந்த இரண்டு வாரத்துக்கும் எங்கள் விளையாட்டுக்கும் தொடர்பு இருந்தது என்பதையும் இந்தப் பலகையை வைத்துத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

திடலில் இருந்து பலகைக்கு

அப்பா பிறந்தது பூச்சோங் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில். தோட்டத்து வாழ்க்கையைப் பற்றி அவர் அதிகம் பெருமை பேசியதில்லை. சம்பளம், கங்காணி, மண்டோர், லயத்து ஒழுகல் என்று எல்லாவற்றையும் திட்டுவார். ஒன்றை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டார். “எங்களுக்கு முழுத் திடல் இருந்திச்சு.” கோயில், தமிழ்ப்பள்ளி, கள்ளுக்கடை, திடல் ஆகிய நான்கும் இருந்தால்தான் அவர் கணக்கில் அது தோட்டம். மாலையில் பால்மரத்து வேலை முடிந்த ஆண்கள் அங்கேதான் பந்து உதைத்தார்கள். அனைத்துலக அளவில் ஒரு காற்பந்துத் திடல் நூறு மீட்டருக்குக் குறையாத நீளமும் அறுபத்து நான்கு மீட்டருக்குக் குறையாத அகலமும் இருக்க வேண்டும். தோட்டத்துத் திடல் அதற்குக் கொஞ்சம் முன்பின்னாக இருந்திருக்கும். கூலிக்காரர்களுக்கு அவ்வளவு பெரிய இடம் வேறெதற்கும் கிடைத்ததில்லை.

பிறகு தோட்டங்கள் துண்டாடப்பட்டன. ரப்பர் செம்பனையானது. செம்பனை வீடமைப்புத் திட்டமானது. தோட்டத்தைவிட்டு லட்சக்கணக்கான தமிழர்கள் வெளியேறினார்கள். கையில் தொழில் இல்லாதவர்கள் வேலை இருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் கிடைத்த நிலத்தில் பலகை வீடு கட்டினார்கள். சுங்கைவே தடையற்ற வாணிப மண்டலம் 1972இல் தொடங்கியது. மின்னணுத் தொழிற்சாலைகளுக்கு ஆள் தேவைப்பட்டது. பழைய கிள்ளான் சாலையை ஒட்டிய இந்தப் பகுதி அதற்கு வசதியாக இருந்தது. கம்போங் மேடான், கம்போங் லிண்டுங்கான், கம்போங் காந்தி, கம்போங் டத்தோ ஹருண் என்று ஒன்றோடொன்று ஒட்டிய கம்பங்களில் மலாய்க்காரர்களும் தமிழர்களும் பின்னால் வந்த இந்தோனேசியர்களும் தகரக் கூரைகளின் கீழ் நெருக்கியடித்து வாழ்ந்தார்கள். ‘புறம்போக்குவாசிகள்’ என்று நாளிதழ்கள் எழுதும். எங்களுக்கு அது கம்பம். அவ்வளவுதான்.

‘மேடான்’ என்ற மலாய்ச் சொல்லுக்குத் திடல், வெளி என்று பொருள். திடல் என்று பெயர் வைத்த கம்பத்தில் பந்து உதைக்க எங்கள் வீட்டுப் பக்கம் ஒரு சந்துதான் இருந்தது. பந்து கழிவுநீர்க் கால்வாயில் விழும், இல்லாவிட்டால் யார் வீட்டுத் தகரத்திலாவது படும். அதனால் ஆண்கள் உட்கார்ந்து ஆடும் ஆட்டத்துக்கு மாறினார்கள். அப்பா கிள்ளான் தெங்கு கிளானா சாலையில் ஒரு கடையில் இந்தப் பலகையை வாங்கி, கம்பத்துக்குப் பஸ்ஸில் தூக்கிக்கொண்டு வந்தாராம்.

கேரம் எந்த ஊரில் பிறந்தது என்பதைப் பற்றிப் பல ஊர்க்காரர்கள் உரிமை கொண்டாடுவார்கள். இந்தியத் துணைக்கண்டத்து ஆட்டம் என்பதில் சண்டையில்லை. பாட்டியாலா அரண்மனை ஒன்றில் கண்ணாடி மேற்பரப்பு கொண்ட கேரம் பலகை இருக்கிறது. அரண்மனைக்கும் தகரக்கூரைக்கும் பொதுவான விளையாட்டுகள் அதிகமில்லை. 1958ஆம் ஆண்டுக்குள் இந்தியாவிலும் இலங்கையிலும் அதற்குச் சம்மேளனங்கள் வந்துவிட்டன. 1988இல் அனைத்துலகக் கேரம் சம்மேளனம் சென்னையில் உருவானது. அதன் விதிப்படி காய் ஒன்று ஐந்து முதல் ஐந்தரை கிராம். ஸ்ட்ரைக்கர் பதினைந்து கிராமுக்கு மேல் போகக் கூடாது. கிட்டத்தட்ட மூன்று மடங்கு எடை. அதனால்தான் நேராக அடித்தாலும் ஸ்ட்ரைக்கர் நின்றுவிடாமல் காயைத் தள்ளிக்கொண்டு முன்னே போகிறது. பல்கலைக்கழகத்தில் மோதல் கணக்குப் போடும்போது எனக்கு அப்பாவின் ஆள்காட்டி விரல்தான் ஞாபகம் வந்தது. உந்தம், மீட்சி எதுவும் தெரியாமல், பலகையின் நான்கு சட்டத்தையும் சரியாகப் பயன்படுத்தியவர் அவர்.

சந்து முனையில் இருந்த ஒட்டுக்கடைக்கு முன்னால், ஒரு மரப்பெட்டிமேல் பலகை உட்கார்ந்திருந்தது. மேலே கயிற்றில் தொங்கும் நூறு வாட்ஸ் பல்பு. வெளிச்சம் சிதறாமலிருக்க அட்டையில் செய்த கூம்பு. போரிக் பவுடர் வாங்கக் காசில்லாத நாளில் யார் வீட்டுப் பிள்ளையின் குட்டிக்கூரா பவுடராவது வரும். அதனால் கேரம் ஆடிவிட்டு வந்த அப்பாமேல் குழந்தை வாசம் அடிக்கும் என்பார் அம்மா. நால்வர் ஆடுவார்கள், பத்துப் பேர் பார்ப்பார்கள். ஆட்டத்துக்கு ஒரு வெள்ளி, இரண்டு வெள்ளி பந்தயமும் உண்டு. பந்தயத்தால் கைகலப்பும் உண்டு. இதையெல்லாம் மறைத்துவிட்டு அந்த பல்பு வெளிச்சத்தைச் சொர்க்கம் என்று எழுத எனக்கு விருப்பமில்லை. பெண்கள் அந்தப் பக்கம் தலைகாட்டவே முடியாது. அக்கா சிறுமியாக இருந்தபோது ஒருமுறை காய் பொறுக்கிக்கொடுக்கப் போய், “பொம்பளப் புள்ளைக்கு இங்க என்ன வேல?” என்று விரட்டப்பட்டாளாம். அதை இன்றும் சொல்லிக் காட்டுவாள்.

ஜன்னலில் நின்ற பலகை

2001 மார்ச் 8ஆம் தேதி கலவரம் தொடங்கியது. எனக்கு ஐந்து வயது. கல்யாணக் கூடாரம், சாவு வீடு, அதையொட்டி ஒரு தகராறு என்று தொடங்கியதைப் பற்றிப் பலவாறாகச் சொல்லப்படுகிறது. இரண்டு வாரத்துக்கு மேல் இந்தப் பகுதியில் ஆட்கள் வழிமறித்து வெட்டப்பட்டார்கள். ஆறு பேர் இறந்தார்கள், பெரும்பாலோர் தமிழர்கள். காயம்பட்டவர்கள் பல பேர். கா. ஆறுமுகம் அதைப் பற்றி ‘மார்ச் 8’ என்று ஒரு புத்தகம் எழுதினார். அந்தப் புத்தகத்தை அரசாங்கம் தடைசெய்தது. தடையை எதிர்த்த வழக்கும் தோற்றது. எங்கள் ஊரைப் பற்றி எழுதப்பட்ட புத்தகத்துக்குக் கிடைத்த மரியாதை அது.

எனக்கு அந்த நாட்கள் துண்டு துண்டாகத்தான் ஞாபகம் இருக்கின்றன. மாலை ஆறுக்கே விளக்கை அணைத்தது. பக்கத்து வீட்டுப் பாட்டி எங்களோடு வந்து படுத்தது. ஒரு காட்சி மட்டும் தெளிவாக இருக்கிறது. அப்பா ஒட்டுக்கடையிலிருந்து பலகையைத் தலைமேல் வைத்துத் தூக்கிவந்து, பலகை வீட்டின் முன் ஜன்னலுக்கு முட்டுக்கொடுத்து நிறுத்தினார். அதற்குமுன் நான் அந்தப் பலகையை வீட்டுக்குள் பார்த்ததில்லை. இருட்டில் அதன் நான்கு மூலைக் குழிகள் வழியாகத் தெரு விளக்கின் வெளிச்சம் உள்ளே விழுந்தது.

அந்த ஆண்டு இறுதியில் கம்பத்தைவிட்டுப் பிளாட்டுக்கு வந்தோம். சிலாங்கூரில் புறம்போக்குக் குடியிருப்புகளே இருக்கக் கூடாது என்ற வேகத்தில் எங்கும் பிளாட்டுகள் எழுந்துகொண்டிருந்த காலம். தேசா மெந்தாரி போன்ற உயரமான அடுக்குகளில் கம்பத்து ஆட்கள் அடுக்கிவைக்கப்பட்டார்கள். தண்ணீர், கரண்டு, சொந்தக் கழிவறை எல்லாம் கிடைத்தன. அதற்காக அம்மா இன்றும் நன்றி சொல்வார். ஆனால், கீழே இறங்கி விளையாடப் பிள்ளைகளை விடவில்லை. எங்கள் மாடியில் எந்த அம்மாவும் விடவில்லை. “கீழ போவாதடா. சத்தம் கேட்டா கதவ சாத்திக்கிட்டு உள்ளயே இரு.” இதுதான் எங்கள் குழந்தைப்பருவத்தின் பாட்டு.

இந்த நிலையில்தான் 2002 உலகக் கிண்ணம் வந்தது. ஜப்பானிலும் தென்கொரியாவிலும் நடந்ததால் ஆட்டங்கள் எல்லாம் பகலிலும் மாலையிலும் வந்தன. தூங்கப்போகும் வயதில் இருந்த நானும் பார்த்தேன். ஆட்டத்தைப் பார்த்துவிட்டு உதைக்க ஒரு திடலும் இல்லாமல் எங்கள் மாடியில் ஏழெட்டுப் பிள்ளைகள் சுவரை உதைத்துக்கொண்டிருந்தோம். அம்மா வீட்டிலிருந்தே தைக்கிற வேலை செய்துவந்தார். காஜா எடுப்பது, பொத்தான் வைப்பது. நீல நிற டேனிஷ் பிஸ்கட் டின் நிறையப் பொத்தான்கள் இருக்கும். அண்ணன் ஒரு நாள் அந்த டின்னைக் கவிழ்த்து, பெரிய பொத்தான்களாகப் பொறுக்கி, கேரம் பலகையைப் பின்பக்கம் திருப்பிப்போட்டு, ஒரு பொத்தானைச் சுண்டிவிட்டான். எங்கள் ஊரில் பொத்தான் காற்பந்து இப்படித்தான் பிறந்தது என்று நாங்கள் நம்பினோம். உலகத்திலேயே நாங்கள்தான் கண்டுபிடித்தோம் என்றும் நம்பினோம்.

அம்மாக்களின் கோட்டுகள்

பல்கலைக்கழகத்துக்குப் போன பிறகுதான் அந்தப் பெருமை உடைந்தது. நாங்கள் சுண்டத் தொடங்குவதற்கு எழுபது ஆண்டுகளுக்கு முன்பே பிரேசிலில் சுண்டிக்கொண்டிருந்தார்கள்.

அங்கே அதன் பெயரே பொத்தான் காற்பந்து. கோட்டுப் பொத்தானில் தொடங்கி, கைக்கடிகாரத்தின் கண்ணாடி மூடி, தேய்த்து வழவழப்பாக்கிய தேங்காய்ச் சிரட்டை என்று கையில் கிடைத்ததையெல்லாம் ஆட்டக்காரர்களாக்கினார்கள். பொத்தானின் விளிம்பை ஒரு சின்னச் சில்லால் அழுத்தினால் அது வழுக்கிக்கொண்டு போய்ப் பந்தைத் தட்டும். ஜெரால்டோ டெகூர் என்பவர் 1930இல் இதற்கு ஒரு விதிப்புத்தகம் வெளியிட்டார். மேசைக்குப் பயன்பட்ட ஒரு வகை அட்டைப் பலகையின் பெயரால் அந்த ஆட்டத்தை செலோடெக்ஸ் என்று அழைத்தார். அவருடைய பிறந்தநாளான பிப்ரவரி 14ஐ அங்கே பொத்தான் ஆட்டக்காரர்களின் நாளாகக் கொண்டாடுகிறார்கள். ஊருக்கு ஊர் விதி வேறு. பாஹியாவில் ஒரு தொடுகைதான், அடுத்து எதிராளியின் முறை. சாவ் பாவ்லோவில் பன்னிரண்டு தொடுகை வரை போகலாம். 1988இல் பிரேசில் அரசு இதை ஒரு விளையாட்டாகவே அங்கீகரித்தது. சென்னையில் கேரம் சம்மேளனம் உருவான அதே ஆண்டு.

ஹங்கேரியில் இதைக் ‘கொம்ப்ஃபோட்ஸி’ என்கிறார்கள். அங்கேயும் குளிர்காலக் கோட்டுகளின் பொத்தான்தான் முதலில் மைதானத்தில் இறங்கியது. இங்கிலாந்தில் கதை கொஞ்சம் வேறு. லிவர்பூலில் 1929 முதல் நியூஃபுட்டி என்ற பெயரில் ஒரு மேசைக் காற்பந்து விற்பனையில் இருந்தது. போர் முடிந்த கையோடு பீட்டர் அடால்ஃப் என்பவர் தன் அம்மாவின் கோட்டுப் பொத்தானையும் ஓர் உலோக வளையத்தையும் சேர்த்து, அதில் அட்டையில் வெட்டிய ஆட்டக்காரனைச் செருகினார். 1946இல் சிறுவர் பத்திரிகையில் விளம்பரம் கொடுத்தார். பறவைகளில் பித்துப் பிடித்த மனிதர். ஆட்டத்துக்கு ‘ஹாபி’ என்று பெயர் வைக்க நினைத்தார். ஆங்கிலத்தில் அது பொழுதுபோக்கையும் குறிக்கும், ஒரு வகை வல்லூறையும் குறிக்கும். அந்தப் பெயரைப் பதிவுசெய்ய முடியவில்லை. அதனால் அந்த வல்லூற்றின் லத்தீன் பெயரிலிருந்து ‘சபூட்டியோ’ என்ற சொல்லை எடுத்துக்கொண்டார். போருக்குப் பிந்தைய பங்கீட்டுக் காலத்தில் வந்த முதல் பெட்டிகளில் திடல் கிடையாது. ஒரு சுண்ணக்கட்டி மட்டும் இருக்கும். வீட்டில் கிடக்கும் பழைய ராணுவக் கம்பளியில் நீங்களே கோடு போட்டுக்கொள்ள வேண்டும்.

இதைப் படித்தபோது விடுதி அறையில் தனியாகச் சிரித்தேன். ராணுவக் கம்பளிக்கும் கேரம் பலகையின் பின்பக்கத்துக்கும் என்ன வித்தியாசம்? என்னை இன்னும் ஆச்சரியப்படுத்தியது பிரேசில்காரர்களின் கோல்காப்பாளர். பொத்தானை கோலில் நிறுத்தினால் பந்து அதன் மேலே தாவிப் போய்விடும். அதனால் தீப்பெட்டிக்குள் ஈயம் போட்டு, கனமாக்கி, கோலுக்கு முன்னால் நிறுத்தினார்கள். எங்கள் மாடியிலும் கோல்காப்பாளர் தீப்பெட்டிதான். ஈயத்துக்குப் பதில் பூச்சட்டி மண். யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுக்கவில்லை. ஒரே மாதிரி சிக்கல், வீட்டில் ஒரே மாதிரி சாமான், அதனால் ஒரே மாதிரி விடை. பொறியியல் படித்தவனுக்கு இதில் மந்திரம் ஒன்றும் தெரியவில்லை. ஆனாலும் மனசுக்கு இதமாக இருந்தது.

அந்தத் தீப்பெட்டிமேல் அப்பா ஒரு பெயர் எழுதிவைத்தார். எங்கள் பொத்தான்களெல்லாம் ரொனால்டோ, ரிவால்டோ என்று திரிந்தபோது, கோலில் நிற்பவன் மட்டும் ஆறுமுகமாகத்தான் இருக்க வேண்டும் என்பது அவர் கட்டளை. மலேசியக் குழுவின் கோலைக் காத்த ஆர். ஆறுமுகம், நீண்ட கைகளால் ‘ஸ்பைடர்மேன்’ என்று பெயரெடுத்தவர். 1980 மாஸ்கோ ஒலிம்பிக்குக்குத் தகுதிபெற்ற குழுவில் இருந்தவர். நாடு அந்த ஒலிம்பிக்கைப் புறக்கணித்ததால் அந்தக் குழு போகவே இல்லை. 1988 டிசம்பரில் சாலை விபத்தில் இறந்தார். அப்பா அழுத ஒரு சில சாவுகளில் அது ஒன்று என்று அம்மா சொல்வார். ‘ஆறுமுகம்’ என்று எழுதிய தீப்பெட்டி இரு பக்கத்துக்கும் பொதுக் கோல்காப்பாளராக இருந்தது. யார் தற்காத்தாலும் அதை அந்தப் பக்கம் தூக்கி வைப்போம்.

உள்ளே வந்தவர்கள்

எங்கள் ஆட்டத்துக்கு 2002 தொடக்கம். 2006 உச்சம். அந்த ஆண்டு ஜெர்மனி உலகக் கிண்ணத்தின்போது மாடியில் ஆறு வீட்டுப் பிள்ளைகள் சேர்ந்து முழு லீக் ஆட்டம் நடத்தினோம். பலகை ஓரத்தில் இருக்கும் புள்ளிக் கணக்கு அதுதான். முதல் இடத்தில் இருப்பது அக்கா.

ஒட்டுக்கடை முன்னால் விரட்டப்பட்ட அதே அக்கா. ஆட்டம் வீட்டுக்குள் வந்துவிட்டதால் அவளை யாரும் தடுக்க முடியவில்லை. இதை எழுதும்போது எனக்குக் கொஞ்சம் சங்கடமாகத்தான் இருக்கிறது. பயம் எங்களை உள்ளே அடைத்தது. உள்ளே அடைபட்டதால் அக்காவுக்கு ஓர் இடம் கிடைத்தது. இரண்டும் ஒரே நேரத்தில் உண்மை. முதலாவதற்கு நன்றி சொல்ல முடியாது, இரண்டாவதை மறைக்கவும் முடியாது.

இதைச் சென்னையோடு ஒப்பிட்டால் நாங்கள் தவறவிட்டது என்ன என்று தெரியும். ‘வடசென்னை’ படம் வந்த பிறகு நம் தலைமுறைக்கு வடசென்னையின் கேரம் கிளப்புகள் பழக்கமாகிவிட்டன. படத்தில் பலகையைச் சுற்றிக் கத்திதான் சுழலும். வெளியே வேறு வரலாறும் இருக்கிறது. சென்னைக்காரரான மரிய இருதயம் 1991இலும் 1995இலும் உலகச் சாம்பியன். 1996இல் கேரத்துக்காக அர்ஜுனா விருது பெற்றவர். வியாசர்பாடியின் இளவழகி 2008இல் உலகச் சாம்பியனானார். ஆட்டோ ஓட்டுநரின் மகளான காசிமா 2024இல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கினார். குடிசைப் பகுதியில் இருந்து ஒரு பெண் பலகை வழியாக அமெரிக்கா வரை போக, திறமை மட்டும் போதாது. தெருவில் ஒரு கிளப் வேண்டும், பயிற்சி கொடுக்க ஒருவர் வேண்டும், எழுதிவைத்த விதி வேண்டும், மாவட்டம், மாநிலம் என்று ஏணிப்படி வேண்டும். எங்கள் அக்காவுக்கு ஆறு வீடும் ஒரு நீளமான ஐந்தடி நடைபாதையும் இருந்தன. 2022இல் உலகக் கேரம் போட்டி நம் லங்காவியிலேயே நடந்தது. அப்பா அதற்குள் இல்லை. அலுவலகத்தில் சாப்பாட்டு நேரத்தில் கைப்பேசியில் கொஞ்சம் பார்த்தேன். யாரோ ஒருவர் சட்டத்தில் பட்டுத் திரும்பும் அடி அடித்தபோது நிறுத்திவிட்டேன்.

மூன்றாவது மாடிப்படிக்குப் பக்கத்து வீட்டில் என் வயதில் ஒரு மலாய்ப் பையன் இருந்தான். அவன் பள்ளியில் கொடி ரப்பர் ஆட்டத்தில் மன்னன். நம் நாட்டில் தொண்ணூறுகளில் பள்ளிக்குப் போன யாருக்கும் அது தெரியும். நாட்டுக் கொடி அச்சடித்த அழிரப்பரை விரலால் அழுத்தித் தாவவிட்டு எதிராளியின் ரப்பர்மேல் ஏற்றினால் இரண்டும் உனக்கு. எங்கள் கதவு இரும்புக் கம்பிக்கு வெளியே நின்று இரண்டு வாரம் பார்த்தான். மூன்றாவது வாரம் அம்மாவே கம்பிக்கதவைத் திறந்து, “உள்ள வா” என்றார். மலாயில் இல்லை, தமிழில்தான் சொன்னார். அவன் வந்து உட்கார்ந்தான்.

எங்களுக்கு நல்ல பந்து இல்லாத பிரச்சினையை அவன்தான் தீர்த்தான். பாஜு மெலாயுவுக்கு ஐந்து பொத்தான் உண்டு. கல் வைத்த நகை மாதிரி, கழற்றிப் போடுவது. தண்டு உடைந்த ஒன்றைக் கொண்டுவந்தான். சிறியது, கனமானது, அடித்தால் நேராகப் போகும். எங்கள் லீக் முழுவதும் அதுதான் பந்து. ஹரிராயாவுக்கு முதல் நாள் அவனுடைய அம்மா எங்கள் வீட்டுக்கு வந்து, மகனுடைய சட்டைக்கு நாலு பொத்தான்தான் இருக்கிறது, ஐந்தாவது எங்கே என்று கேட்டார். உடைந்ததை ஒட்டவைக்கலாம் என்று வைத்திருந்தாராம். எங்கள் அம்மா டின்னைக் கவிழ்த்து நிறம் பொருந்தும் பொத்தான் ஒன்றைத் தேடி, அங்கேயே உட்கார்ந்து சட்டையில் தைத்துக் கொடுத்தார். இதை வைத்து நல்லிணக்கப் பாடம் எடுக்க எனக்கு மனமில்லை. இரண்டு அம்மாக்களும் பிறகு பெரிய சிநேகிதிகள் ஆகிவிடவும் இல்லை. மறுநாள் அவன் அந்தச் சட்டையோடு வந்து காட்டினான் என்பது மட்டும் உண்மை.

2009, 2010 வாக்கில் ஆட்டம் நின்றுபோனது. யாரும் நிறுத்தவில்லை. அண்ணன் வேலைக்குப் போனான். சைபர் கஃபேயில் ஒரு மணி நேரத்துக்கு இரண்டு வெள்ளி. கூரை போட்ட ஃபுட்சால் திடல்கள் வந்தன. அங்கே காசு கொடுத்தால் உண்மையான பந்தையே உதைக்கலாம். மலாய்ப் பையன் குடும்பம் வேறு இடம் போய்விட்டது. அம்மாவின் டின்னுக்குப் பொத்தான்கள் திரும்பின.

விதிகள்

பலகையை லோரியில் போடவில்லை. அக்காவுக்குப் படம் எடுத்து அனுப்பினேன். அவள் இப்போது ஜொகூர் பாருவில் இருக்கிறாள். தினமும் சிங்கப்பூர் போய்வருகிறாள். உடனே அழைத்தாள்.

“டேய், அதுல நான்தானே பஸ்ட்டு? நல்லாப் பாரு.”

“நீதான்கா. ரூல்ஸ் எல்லாம் ஞாபகம் இருக்கா?”

“ஏன், நீ வெளையாடப் போறியா?”

“எழுதி வைக்கலாம்னு.”

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு ஒவ்வொன்றாகச் சொன்னாள். எனக்கும் அவளுக்கும் இரண்டு இடத்தில் சண்டை வந்தது. அண்ணனைக் கேட்டுத் தீர்த்தோம். டெகூர் 1930இல் எழுதியது புத்தகமாக நின்றது. நாங்கள் எழுபது ஆண்டு பிந்தி ஆடியது இந்தப் பக்கத்தில் நிற்கட்டும்.

1. ஒரு பக்கத்துக்கு ஐந்து பொத்தான். கோட்டுப் பொத்தான் அல்லது பெரிய சிலுவார்ப் பொத்தான். காம்பு வைத்த பொத்தான் வழுக்காது, சேர்த்துக்கொள்ளக் கூடாது.

2. சுண்டத்தான் வேண்டும். தள்ளினால் முறை போய்விடும். நகம் பட்டதா தசை பட்டதா என்று சண்டை வந்தால் திரும்பச் சுண்டலாம், ஒருமுறை மட்டும்.

3. ஒரு முறைக்கு மூன்று தொடுகை. மூன்றாவதில் கோல் அடிக்கப் பார்க்க வேண்டும்.

4. அடிப்பதற்கு முன் “கோல்” என்று சொல்ல வேண்டும். எதிராளி ஆறுமுகத்தை நகர்த்திக்கொள்ள ஐந்து எண்ணும் வரை நேரம்.

5. பந்து மூலைக் குழியில் விழுந்தால் கார்னர். பந்தைப் பலகைக்கு அடியிலிருந்து எடுப்பது சின்னவன் வேலை. (சின்னவன் நான்.)

6. ஆறுமுகம் சாய்ந்து விழுந்தாலும் பந்து உள்ளே போகாவிட்டால் கோல் இல்லை.

7. பவுடர் போடுவது பெரியவர்கள் அனுமதியோடு. அப்பா பார்க்கும்போது ஆடினால் அப்பாதான் நடுவர். அவர் சொன்னதுதான் முடிவு, தப்பாக இருந்தாலும்.

8. வெளியிலிருந்து புதிதாக யாராவது வந்தால் நடக்கிற ஆட்டம் முடிந்ததும் அவருக்கு இடம் கொடுக்க வேண்டும். பொத்தான் இல்லையென்றால் டின்னில் எடுத்துக்கொள்ளலாம்.

9. கீழே சத்தம் கேட்டால் ஆட்டம் நிற்கும். விளக்கை அணைத்துவிட்டு எல்லோரும் பேசாமல் உட்கார வேண்டும். பொத்தான்களை யாரும் தொடக் கூடாது. சத்தம் அடங்கிய பிறகு விளக்கைப் போட்டு, விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.